கோட்டில் இருந்த குறிகள்

ஒரு மாடு தொழுவத்தில் எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கிறது என்று கணக்குப் போடுவது என் வேலை. கால்நடை இனவிருத்தி ஆராய்ச்சி. "மாடு சாகுறத எண்ணவா எம்.எஸ்ஸி. படிச்ச?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். அப்போதெல்லாம் அவரால் மூச்சு வாங்காமல் சிரிக்க முடிந்தது.

ஒவ்வொரு காளைக்கும் பிறந்த கன்றுகளைப் பதிவு செய்து மாதாமாதம் விசாரிப்போம். ஒன்று செத்தால் வரைபடத்தில் கோடு ஒரு படி இறங்கும். விற்றுவிட்டால் இறங்காது. கடைசியாகப் பார்த்த நாள் வரை உயிரோடு இருந்தது, அதற்குமேல் தெரியாது என்று கோட்டின்மேல் சின்னதாக ஒரு குறி போட்டு அதை விலக்கிவிடுவோம்.

கடமலைக்குண்டுப் பக்கம் ஓர் ஊரில் மட்டும் மாடுகள் சாகவே இல்லை. எல்லாம் விற்பனை. கோடு மொட்டைமாடி மாதிரி சமமாகக் கிடந்தது. யாருக்குக் காது குத்துகிறார்கள் என்று கோபத்தோடு பஸ் ஏறினேன்.

அந்த ஊரில் மாட்டை விற்றாலும் கழுத்துக் கயிற்றை விற்க மாட்டார்கள். அது வீட்டோடு தங்க வேண்டும் என்று தொழுவத்து ஆணியில் மாட்டிவைப்பார்கள். ஒரு பெரியவர் விற்றதாகச் சொன்னது மூன்று மாடு. ஆணியில் தொங்கியது ஒரே கயிறு.

"மத்த ரெண்டு கயிறும் எங்கய்யா?"

அவர் தலையைச் சொறிந்தார். "மாட்டோட சேத்துப் பொதச்சாச்சு தாயி. செத்துப்போச்சுன்னு வாயால எப்படிச் சொல்றது? மிச்ச மாடு இங்கன நிக்குதுல்ல, அது காதுல விழலாமா?"

"நீங்க இப்படிப் புளுகுனா நாங்க எந்தக் காளைய நம்பி ஊருக்கெல்லாம் சினை ஊசி குடுக்குறது?" என்று அவரை வாட்டி எடுத்தேன். அன்றே வீடு வீடாகக் கயிறு எண்ணினேன். திருத்திய கோடு பாதிக்குமேல் சரிந்துவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறு வருடம் வீட்டுக்காரருக்கு நுரையீரல் இறுகிக்கொண்டு வருவதாகத் தேனியில் ஒரு மருத்துவர் சொன்னார். புது மாத்திரை ஒன்றை ஆய்வுக்காகக் கொடுக்கிறார்களாம். அதைச் சாப்பிட்டவர்களின் கோட்டைத் திரையில் காட்டினார். "பாருங்கம்மா, எவ்வளவு மேல நிக்குது." வீட்டுக்காரர் முகம் தெளிந்தது. நான் திரையை நெருங்கிப் பார்த்தேன். கோடு முழுக்கச் சின்னச் சின்னக் குறிகள்.

"இவங்கல்லாம் யாரு டாக்டர்?"

"வராம நின்னவங்க. போன்ல கேட்டா, கேரளாவுக்குப் பிள்ளைங்ககிட்டப் போயிட்டதாச் சொல்றாங்க."

அன்றே வீட்டுக்காரருக்கும் அந்த மாத்திரையைத் தொடங்கினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் பேச்சுக்கு நடுவில் மூச்சுக்காக நின்றால் என் மூச்சும் நின்றது. மாத்திரை பலிக்காவிட்டால் மதுரைக்குப் போய் வேறு வைத்தியம் பார்க்க வேண்டும். அதற்கும் காலம் கடந்துவிட்டால்? பயத்தை அடக்க முடியாமல் மருத்துவரிடமே போய், என் வேலையைச் சொல்லி, அந்த வீடுகளுக்கு நேரில் ஆள் அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். ஒரு நர்ஸ் பெண்ணை அனுப்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

முதல் வீடு தேவாரம் ஊரில். கதவைத் திறந்த அம்மாவிடம் நர்ஸ் விசாரித்தாள்.

"அத ஏன் ஆத்தா கேக்குற…" என்று அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் ஆஸ்பத்திரியா?"

"இல்லக்கா. எங்க வீட்டுக்காரரும் இதே மாத்திரைதான் சாப்பிடுறாக."

அவர் என் முகத்தையே பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"அவுக கேரளாவுல, கட்டப்பனையில மகன்கிட்ட இருக்காக. சொகமா இருக்காக. ஏதோ பிரிஞ்சிருக்கோமேன்னு அழுதேன். நீ ஒண்ணுக்கும் பயந்துக்காத ஆத்தா."

நர்ஸ் சந்தோஷமாக 'உயிரோடு இருக்கிறார்' என்று எழுதினாள். அந்த அம்மா என் கையை விடவே இல்லை. மாடு செத்ததைச் சொல்லாத பெரியவரிடம் எகிறிய எனக்கு, இந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க நாக்கு எழவில்லை.

பஸ் ஸ்டாண்டு வந்ததும் நர்ஸைப் பிடித்து நிறுத்தினேன். "அத அடிச்சிரு தங்கச்சி. அவரு இல்ல. அக்கம்பக்கத்துல கேட்டு, இறந்த தேதியை வாங்கி எழுது." வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்த கோட்டை என் வாயாலேயே ஒரு படி இறக்கினேன்.

அதற்குள் அவர் போனில் கூப்பிட்டார். ஆவலோடு கேட்டார். "என்ன, ஆளு இருக்காரா?"

"இருக்காராம்ங்க. கட்டப்பனையில நல்லா இருக்காராம்" என்றேன். "இருந்தாலும் நாளைக்குக் காலையில மதுரைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்."