ஐந்து போர்ஷன், ஒரு கக்கூஸ்

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: என் அம்மா, எதிர் போர்ஷன் ஸ்டெல்லா அக்கா, மாடி ஷாகிரா ஆன்ட்டி, மற்ற இரண்டு வீட்டுப் பெண்கள். வராதவர்கள்: அந்த ஐந்து வீட்டு ஆண்களும். என் நைனா மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டால், கூட்டத்துக்கு வரவில்லை, காற்றுக்கு வந்தேன் என்பார். தண்டையார்பேட்டையில் நடந்த கூட்டத்தில் நான் ஜெர்மனியிலிருந்து, தண்ணீர் டிரம்மின் மேல் சாய்த்து வைத்த அம்மாவின் செல்போன் வழியாகக் கலந்துகொண்டேன். பேச வேண்டிய விஷயம், ஐந்து வீட்டுக்கும் பொதுவான கக்கூஸை இனி யார் கழுவுவது என்பது.

காரணம் லைப்சிக்கில் நான் மூன்று பெண்களோடு பகிர்ந்து குடியிருக்கும் வீடு. அங்கே கக்கூஸ் கதவில் ஒரு படம்: நின்றுகொண்டிருக்கும் ஆண், அவன் மேல் சிவப்புக் கோடு. ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டுமாம். முதல் வாரம் அதை ஏதோ வைத்தியக் குறிப்பு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு புட்ஸ்பிளான் என்ற ஒன்று இருப்பது தெரிந்தது. வீட்டைத் துப்புரவு செய்யும் முறை, வாரம் ஒருவர். என் வாரத்தில் நான் அறைக்குள் உட்கார்ந்து பெண்ணியக் கோட்பாடு பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மூவரில் ஒருத்தியான காத்ரின் கதவைத் தட்டினாள். பெண்களின் கூலியில்லாத உழைப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லது. அப்படியானால் உனக்கு விளக்க வேண்டியதில்லை" என்று பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மண்டிபோட்டுத் தேய்க்கும்போது அம்மாவின் மூட்டு நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எங்கள் வீட்டு முறை வரும் வாரங்களில் அம்மா வாளியோடு போவாள், "படிக்கிற புள்ள" என்று சொல்லி என்னை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். இப்போது டாக்டர் அவளைக் குந்தி உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். அப்படியும் முறையை விடவில்லை. வீட்டின் முறை என்றால் அந்த வீட்டுப் பெண்ணின் முறை, அவ்வளவுதான்.

எனவே கூட்டத்தில் பெண்ணியக் கோட்பாட்டின் பொருளையும் நோக்கத்தையும் விளக்கினேன். பெண் செய்யும் வேலை அவள் பிறவியோடு வந்ததல்ல, பழக்கி விட்டது. அந்த வேலையைக் கண்ணுக்குத் தெரிய வைப்பதும், யார் எதைச் செய்வது என்பதை ஆணா பெண்ணா என்று பார்த்து முடிவு செய்யாமல் இருப்பதும்தான் நோக்கம். ஆகவே ஆண்களும் முறை எடுக்க வேண்டும்.

"தம்பி நல்லா பேசுது. எளைச்சிட்ச்சி, சாப்புடுதா?" என்றார் ஷாகிரா ஆன்ட்டி.

படியிலிருந்து நைனாவின் குரல் வந்தது. "பொம்பளய மதிக்கணும், அதானே? நான் எங்க மதிக்கல? இவ சொன்னான்னுதான் மணலி டேங்கர் லாரிய வுட்டுட்டு ஆட்டோ ஓட்டிகினு கீறேன்."

"அப்ப இந்த வாரம் நீ கழுவு" என்றாள் அம்மா.

நைனா பேப்பரை மடித்தார். "எல்லாம் பாப்பாங்கம்மே."

"நான் கழுவறப்ப பாக்கலியா?"

அன்று மாலையே ஐந்து வீட்டு ஆண்களும் ஒன்றுகூடினார்கள். அந்த வளவின் வரலாற்றில் அதுவே முதல் தடவை. முடிவை நைனா வந்து சொன்னார்: முறையெல்லாம் பேஜாரு, ஆம்பளைங்க தலைக்கு இவ்வளவு என்று மாசாமாசம் போட்டு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம்.

"நம்ம கலீஜுக்கு இன்னொரு தெருலேர்ந்து ஒருத்தியக் கூட்டினு வருவியா? அந்தப் பேச்சே வாணாம்" என்று அம்மா முளையிலேயே கிள்ளினாள். எந்தத் தெரு என்று சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

ஸ்டெல்லா அக்கா பிடித்துக்கொண்டார். "அந்தத் துட்ட எங்க கைல குடு அண்ணாத்த. இத்தினி வருசம் நாங்க கழுவுனப்ப வெல இல்ல. உங்க முறைன்னதும் வெல வந்துட்ச்சா? முடியாதவங்க முறைய நாங்க பாத்துக்கறோம்."

நான் போனில் எதிர்த்தேன். பணம் கொடுத்தாலும் வேலை பெண் தலையில்தான் நிற்கிறது, இது தீர்வல்ல, இதைப் பற்றி எங்கள் வகுப்பில் இரண்டு தரப்பு உண்டு என்றெல்லாம் சொன்னேன்.

"மூட்டு உனக்கா வலிக்குது?" என்று கேட்டாள் அம்மா.

ஸ்டெல்லா அக்கா ஆண்களின் தலைகளை எண்ணத் தொடங்கினார். எங்கள் வீட்டுக்கு இரண்டு என்றார். ஒன்றுதான், நான் ஜெர்மனியில் அல்லவா இருக்கிறேன் என்றேன்.

"நீ எங்க கீறன்னு யாரு கேட்டா? ரேஷன் கார்டுல பேரு கீதுல்ல?"

இப்போது என் வாரம் வந்தால் லைப்சிக்கில் மண்டிபோட்டுத் தேய்க்கிறேன். தண்டையார்பேட்டையில் நான் போகாத கக்கூஸுக்கும் ஆண் என்ற முறையில் கட்டுகிறேன். எங்கள் வீட்டு வாரத்தில் ஸ்டெல்லா அக்கா கழுவுகிறார், அம்மா நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு அவரோடு கதை பேசுகிறாள். நைனா தலைக்கும் என் தலைக்கும் சேர்த்து மாதம் முந்நூறு ரூபாய்.