ஸ்பானர் தொடாத ஐந்து நிமிடம்

எண்பதுகளின் தொடக்கம். ஓர் ஆயுத பூஜை அன்று, பேரையூரிலிருந்து மதுரைக்கு வரும் வழியில் திருமங்கலத்துக்குச் சற்று முன்னால் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. மதுரை தல்லாகுளத்தில் வீடு. மிஷன் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. ஆனால் தெருவில் என்னை அடையாளம் சொல்வது இதையெல்லாம் வைத்து அல்ல. "கார் ஓட்டுற டீச்சர்" என்றால்தான் தெரியும்.

கார் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்பா ஓட்டிப் பழசாக்கிய சின்னக் கார். ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் கம்பி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த வகை. அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்ததும் சாவி என் கைக்கு வந்தது. வந்த நாளிலிருந்து அதை நான் தாங்கிய தாங்கல் கொஞ்சநஞ்சமல்ல. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர், ஆயில் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்ப்பது, ஸ்டெப்னிக்கும் சேர்த்துக் காற்று என்று எதுவும் தவறாது. காரோடு வந்த புத்தகத்தை வரி விடாமல் படித்திருந்தேன். மெக்கானிக் என்றாலே எனக்கு ஆகாது. புத்தகத்தைப் படிக்காதவர்களுக்கு என்ன தெரியும் என்று ஓர் இளக்காரம். ஸ்டாஃப் ரூமில் என்னை, "பிள்ளைகளுக்கு எடுக்கிறாங்களோ இல்லையோ, காருக்கு அட்டென்டன்ஸ் எடுத்துருவாங்க" என்று கிண்டலடிப்பார்கள். உள்ளூர எனக்கு அது பிடித்தே இருந்தது.

என் தங்கையைப் பேரையூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் வேலை, மாதம் ஒருமுறை வந்து போவார். காலாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்டதும் தங்கையையும் அவளுடைய மூன்று வயது மகளையும் பார்க்கக் காரிலேயே போய் இறங்கினேன். மறுநாள் ஆயுத பூஜை. நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் வீட்டில் பூஜை கிடையாது. ஆனால் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எங்களுக்குப் பொரி வந்து சேர்ந்துவிடும். அன்று காலையில் வந்த பொரியில் நிலக்கடலை கலந்திருந்தது. பிள்ளை ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். எதற்கோ சிரித்தாள், சிரித்தபடியே இருமினாள். இருமல் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. மூச்சில் மட்டும் ஒரு விசில் சத்தம் தங்கிவிட்டது.

உள்ளூர் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது.

"கடலை மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கும்மா. ஊற ஊறப் பெருசாகும். இங்க எடுக்க வழியில்ல. மதுரை பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்க. பிள்ளைய அழ விடாதீங்க."

ஊரில் இருந்த இரண்டு வாடகைக் கார்களும் வாழைக்கன்று கட்டிக்கொண்டு பூஜைக்கு நின்றன. "நம்மகிட்டதான் கார் இருக்கே" என்றேன். குழந்தை அந்த நிலையில் இருக்கும்போது கூட, அதைச் சொன்ன என் குரலில் ஒரு துளி பெருமிதம் இருந்தது. அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

எட்டு கிலோமீட்டர் கூட வந்திருக்க மாட்டோம். கார் திணறியது. இரண்டு முறை வெட்டி இழுத்து, பிறகு அப்படியே நின்றுவிட்டது. நான் இறங்கி பானெட்டைத் திறந்து, புத்தகத்தில் படித்த வரிசைப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆனது. கல்லுப்பட்டி தாண்டி மறுபடி அதே கதை. அந்த வழியாக வந்த லாரி டிரைவர் ஒருவர் இறங்கிப் பார்த்து, பெட்ரோல் வரவில்லை என்றார். குழாயைக் கழற்றி வாயால் ஊதினார். கார் கிளம்பியது. அடைப்பு போய்விட்டது என்று நானும் நம்பினேன்.

பின் சீட்டில் தங்கை, தன் மகளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சத்தமில்லாமல் ஜெபம் செய்துகொண்டே வந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் பிள்ளையின் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஒட்டி ஒட்டி வெளியே வருவது தெரிந்தது. விசில் சத்தம் மெலிந்துகொண்டே போனது. நான் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினேன்.

திருமங்கலத்துக்கு முன்னால் மூன்றாவது முறையாகக் கார் நின்றது. நல்லவேளையாக எதிர்ப்பக்கம் ஒரு தகரக் கொட்டகை, மெக்கானிக் ஷெட். வாசலில் வாழைக்கன்று, ரோட்டில் உடைத்த பூசணிக்காய். என் வயதிருக்கும் ஒருவர், சலவை வேட்டி, நெற்றியில் சந்தனத்தோடு கொட்டகை வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. அவருக்குப் பின்னால் ஒரு பலகையில் ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி, ஸ்குரூ டிரைவர் எல்லாம் வரிசையாகக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை சாத்தி இருந்தன.

நான் கிறிஸ்தவள்தான், ஆனாலும் இந்த ஊர்க்காரி. சாமி முன்னால் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொட மாட்டார்கள் என்பது தெரியாதா? அவர் பிழைப்பே அந்தப் பலகையில் இருக்கிறது. அதை எடுங்கள் என்று நான் எந்த வாயால் கேட்பது? திகைத்து நின்றேன். அதற்குள் தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்துவிட்டாள்.

"அண்ணே, கடலை உள்ள போயிருச்சுண்ணே. பிள்ளைக்கு மூச்சு விட முடியல."

அவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். உடனே திரும்பிக் கொட்டகைக்குள் போனார். போனவர் அரை நிமிடத்தில் வெறுங்கையோடு வந்தார்.

"மதுர பஸ் வர இன்னும் அஞ்சு நிமிசம் ஆகும். அதுவரைக்கும் நான் வண்டியப் பாக்குறேன். பஸ் வந்துட்டா நீங்க பாட்டுக்கு ஏறிப் போயிருங்க."

"ஸ்பானர் இல்லாம என்னத்தப் பாப்பீங்க?" பதற்றத்தில் வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

"ஸ்பானரத்தேன் டீச்சரம்மா சாமிகிட்ட வச்சிருக்கேன். கண்ணையும் காதையும் வைக்கலயே."

நான் டீச்சர் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கேட்ட விதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது.

நான் பானெட்டைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் எம்புட்டு தூரத்தில் நிற்கிறது? பட்டென்று நிற்கிறதா, திணறி நிற்கிறதா? எத்தனை நிமிடம் விட்டால் மறுபடி கிளம்புகிறது? லாரிக்காரர் குழாயை உறிஞ்சினாரா, ஊதினாரா? நேற்று மதுரையிலிருந்து போகும்போது நின்றதா? இல்லை என்றேன். நேற்று டேங்கில் எவ்வளவு இருந்தது? கால் டேங்க் என்றேன். இன்றைக்கு? பேரையூர் போய்ச் சேர்ந்ததும் வாய்வரை நிரப்பிவிட்டேன் என்றேன்.

அந்தப் பதிலைக் கேட்டதும் தலையை ஆட்டிக்கொண்டார். நேராகக் காரின் பின்பக்கம் போனார். எஞ்சின் முன்னால் இருக்க இவர் எங்கே போகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"இங்க வாங்க. கிட்ட வந்து காதக் குடுத்துக் கேளுங்க."

பெட்ரோல் டேங்க் மூடியைப் பிடித்துத் திருகினார். உஸ்ஸ்ஸ் என்று ஒரு நீண்ட சத்தம். வெளியே போகிற சத்தமில்லை அது, உள்ளே இழுக்கிற சத்தம். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த ஒருவர் தலையை வெளியே நீட்டி முதல் மூச்சு இழுக்கிற மாதிரி, அந்த டேங்க் இழுத்தது. தங்கை மடியில் ஒரு மூச்சு திணறிக்கொண்டிருக்க, அவள் உட்கார்ந்திருந்த சீட்டுக்குப் பின்னால் இன்னொரு மூச்சு இவ்வளவு நேரமாக அடைத்துக் கிடந்திருக்கிறது.

மூடியைத் திருப்பிக் காட்டினார். நடுவில் பட்டாணி அளவுக்குச் சிவப்பாக ஒன்று ஒட்டியிருந்தது.

"இது என்னாது?"

அரக்கு. பரீட்சைப் பேப்பர் கட்டுக்கு முத்திரை வைக்கிற அரக்கு. அந்த மூடியில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை இருந்தது. மழைக்காலம் வருகிறதே, தண்ணீர் இறங்கிவிடுமே என்று, பரீட்சை வேலை நடந்த அறையில் வைத்து நானே அரக்கை உருக்கி அதை அடைத்திருந்தேன். வீட்டுக்கும் பள்ளிக்கும் இரண்டு மைல் ஓடிய வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. செய்து முடித்துவிட்டு, கம்பெனிக்காரனுக்கே தோன்றாதது எனக்குத் தோன்றியதே என்று முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

"மண்ணெண்ண டின்னுல ஒத்த ஓட்ட போட்டா எண்ண வருமா? காத்து போக இன்னொரு ஓட்ட வேணும்ல? அதேன் இது. டேங்க் நெறஞ்சிருந்தா உள்ள காத்துக்கு எடமே இல்ல. கொஞ்சம் பெட்ரோல் எறங்குனதும் இறுகிப் பிடிச்சுக்கிருது. லாரிக்காரரு ஊதுன காத்து உள்ள போனதாலதேன் இம்புட்டுத் தூரம் ஓடிச்சு."

பதினொரு வருடமாக வளிமண்டல அழுத்தம் பாடம் நடத்துகிறேன். தகர டின்னில் இரண்டு துளை போட்டுக் காட்டி, ஏன் என்று பிள்ளைகளிடம் கேட்டு, சொல்லாதவர்களை எழுப்பி நிற்க வைத்தவள் நான். அந்த ரோட்டோரத்தில் என்னை யாரும் நிற்க வைக்கவில்லை. நானாகத்தான் நின்றேன்.

என் கொண்டை ஊசியை வாங்கி அரக்கைச் சுரண்டி எடுத்தார். துளை வழியாக வானத்தைப் பார்த்தார், மூடியைப் போட்டார், அவ்வளவுதான். மொத்தமே ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ஒரு திருகாணியைக் கூட அவர் தொடவில்லை. சாவியைத் திருப்பினேன், எஞ்சின் ஓடியது. அதே நேரம் பஸ்ஸும் வந்துவிட்டது.

தங்கை பஸ்ஸைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். விடுமுறைக் கூட்டம், படியில் ஆள் தொங்கியது. அதற்குள் பிள்ளையை எப்படிக் கொண்டுபோவது? ஆனால் மூன்று முறை நின்ற காரை எப்படி நம்புவது? அவள் தவிப்பு அவருக்குப் புரிந்துவிட்டது. ரோட்டின் நடுவில் போய் நின்று பஸ்ஸை நிறுத்தினார்.

"அண்ணே, இந்தக் காருக்குப் பின்னாடியே வாங்க. நிக்காது. அப்படி நின்னுட்டா பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போயிருங்க" என்றார் டிரைவரிடம். பிறகு தங்கையிடம் திரும்பி, "நம்பி ஏறுத்தா" என்றார்.

ஏறினாள். திருமங்கலத்தில் இறங்க வேண்டியவர்களை அவசரமாக இறக்கிவிட்டு அந்த பஸ் எங்களை எட்டிப் பிடித்தது. திருப்பரங்குன்றம் தாண்டி, ஊருக்குள் நெரிசலில் நாங்கள் பிரியும்வரை என் கண்ணாடியில் அது தெரிந்துகொண்டே இருந்தது. ஒரு முறை கூட ஹாரன் அடிக்கவில்லை. முன் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று எங்கள் காரையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பஸ் ஜனம் முழுவதும் எங்களுக்குக் காவல் வந்தது. எனக்குக் கண் மறைத்தது, துடைத்துத் துடைத்து ஓட்டினேன். கார் நிற்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் குழாய் விட்டு அந்தக் கடலையை எடுத்தார்கள். ஊறி உப்பியிருந்தது. இன்னும் அரைமணி போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். கொஞ்ச நேரத்தில் பிள்ளை கண் விழித்து வீறிட்டு அழுதாள். அழ விடாதீங்க என்று இனி யாரும் சொல்லப் போவதில்லை. தங்கை அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை நான் மட்டும் அந்த ஷெட்டுக்குப் போனேன். பூஜைப் பொருட்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாப்பா எப்பிடி இருக்கு?" என்றார். சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார், என்னை இல்லை, பலகை இருந்த திசையை.

எனக்கு ஒரு கேள்வி இரவெல்லாம் குடைந்துகொண்டிருந்தது. கேட்டே விட்டேன். ஒருவேளை கோளாறு அந்த மூடியில் இல்லாமல் எஞ்சினில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

"பிள்ளையப் பாத்ததும் உள்ள போனேன்ல, அப்பவே மாலையக் கழட்டிட்டேன் டீச்சரம்மா. வேண்டிய ஸ்பானர எல்லாம் எடுத்து வாசப்படிக்கு உள்பக்கமா வச்சுட்டுத்தேன் உங்க வண்டிகிட்டயே வந்தேன். தேவைப்படல, அம்புட்டுத்தேன்."

சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவருடைய கெட்டிக்காரத்தனத்தை நினைத்து ஒரு நாள் முழுக்க வியந்திருந்தேன். அதைவிடப் பெரிய ஒன்று எனக்குத் தெரியாமலே நடந்து முடிந்திருந்தது. முகம் தெரியாத ஒரு பிள்ளைக்காகத் தன் சாமியிடம் கொடுத்த வாக்கை ஒரு மனிதர் அரை நிமிடத்தில் திருப்பி எடுத்திருக்கிறார், அதை வெளியே காட்டிக்கொள்ளவும் இல்லை. தங்கை மகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் மூச்சிரைக்க ஓடி விளையாடுவதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த மனிதர் நின்ற இடத்தில் நான் நின்றிருந்தால் என் மாலையைக் கழற்றியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.