கராஜில் இருந்த குடும்பம்

சிவம் மாமா, நீங்கள் பொய் சொன்னீர்கள். போன வாரம் மவுண்ட் ஆல்பர்ட்டில், நம் பழைய புறநகரில், நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று, "எங்கள் தெருவில் எப்போதுமே ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான் இருந்தது" என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். மண்டபமே கைதட்டியது. நான் பின்வரிசையில் இருந்தேன்.

வாசிக்கிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமாவின் வீட்டுக்கு அடுத்த காணியில் இருக்கும் பழைய மரவீட்டை இடித்துவிட்டு, சுவரோடு சுவர் ஒட்டிய ஆறு மாடிவீடுகள், டவுன்ஹவுஸ், கட்டப் பார்க்கிறார்கள். கூட்டம் அதைப் பற்றித்தான். மாமா அதை எதிர்க்கிறார். அவற்றில் ஒன்றை வாங்க நான் பெயர் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் தனி வீடு வாங்க என் சம்பளம் காணாது. இப்போது நாங்கள் இருக்கும், நகரத்தின் மறுகோடியான பிளாட் புஷ்ஷில், நான் காரை எடுத்தால் ஒழிய அம்மாவால் எங்கும் போக முடியாது. நாங்கள் முன்பு இருந்த மாமாவின் தெருவென்றால் ரெயிலுக்கு நடந்தே போய்விடுவார்.

அந்தத் தெருவை நினைத்தாலே பிட்டு அவிகிற ஆவியும் ஈரப்பலகை மணமும் கலந்து என் மூக்கில் ஏறும். பனிக்காலக் காலைகளில் யன்னல் கண்ணாடி முழுக்க நீர் வழிய, எங்கள் வாடகை வீட்டின் ஒரே குசினியில் அம்மாவும் சிவம் மாமாவின் மனைவி ராணி மாமியும் இடித்துக்கொண்டு நிற்க, பின்னறையில் வாடகைக்கு இருந்த மலேசியத் தாதி மேரி அக்கா சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து நின்றபடியே சாப்பிடுவார். மாமாவும் மாமியும் கைக்குழந்தையோடு கராஜில் இருந்தார்கள். கார் நிற்க வேண்டிய இடத்தில் கட்டில், கூரை மரத்தில் சேலை கட்டிய ஏணை. எங்களுக்கு அவர்கள் சொந்தமில்லை. ஊரில் பக்கத்து ஊர்க்காரர் கூட இல்லை. தங்க இடமில்லாமல் வந்தார்கள், அம்மா கராஜைத் துப்புரவாக்கிக் கொடுத்தார்.

குளியலறை ஒன்றுதான். "ஹொட் வோட்டர்" சிலிண்டரும் சின்னது. எல்லோரும் குளித்து முடிய, மாமாவின் முறைக்குப் பச்சைத்தண்ணீர்தான் வரும்.

"ஐயோ, அத்தான்!" என்று உள்ளேயிருந்து கத்துவார்.

"தேவாரம் ஒண்டு பாடும் மச்சான், குளிர் தெரியாது," என்பார் கதவுக்கு வெளியே நிற்கும் அப்பா.

"பாட வேணாம் லா, அதுக்கு ஐஸ் தண்ணியே தேவல!" என்று மேரி அக்கா சிரிப்பார்.

மாமா அப்போது ஒரு மீன்கடையில் பொரிக்கும் வேலை செய்தார். வெள்ளிக்கிழமை மிஞ்சிய சிப்ஸைத் தாளில் சுற்றிக் கொண்டுவருவார். அம்மா வெள்ளியில் மீன் இறைச்சி தொடமாட்டார், மரக்கறிதான். "இது வேறை எண்ணெய் அக்கா, சத்தியமா," என்பார். அந்தக் கடையில் மீனுக்கும் சிப்ஸுக்கும் ஒரு எண்ணெய்ச்சட்டிதான் இருந்தது என்று எனக்கே தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் "நல்லா இருக்கு" என்று சாப்பிடுவார்.

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு குடும்பம் மட்டும் இருக்கலாம் என்று எழுதியிருந்தது. ஒருநாள் ஏஜென்ட் வீடு பார்க்க வந்தார். அம்மா "வன் ஃபமிலி" என்றார். ஏஜென்ட் ஒவ்வொருவராகக் காட்டி, சின்னப்பிள்ளையான என்னிடம் யார் என்று கேட்டார். அங்கிள், ஆன்ட்டி, குழந்தை கசின். மேரி அக்காவின் கழுத்தில் சிலுவை, அம்மாவின் நெற்றியில் பொட்டு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பிக் சிஸ்டர்," என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

மாமாதான் அம்மாவிடம் வந்தார். "அக்கா, பொய் சொல்லிப்போட்டமே."

"என்ன பொய்? நீர் என்னை அக்கா எண்டுதானே கூப்பிடுறீர்? போய் முகத்தைக் கழுவும், பிட்டு ஆறுது."

"ஓம் அக்கா," என்று மாமா அழுதார். நான் பார்த்தேன்.

பிறகு அவர் உழைத்து, அதே தெருவில் வீடு வாங்கினார். பால் காய்ச்சிய அன்று முதல் கோப்பையை அம்மாவின் கையில்தான் கொடுத்தார். எங்கள் அப்பா செத்தபோது எல்லா அலுவலும் பார்த்தவரும் அவர்தான். அவர் கெட்ட மனிதரில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

கூட்டம் முடிந்து வந்து அம்மாவிடம் சொன்னேன். "அவனுக்கு வெயில் மறைக்குமெண்டு பயமாக்கும். விடு பிள்ளை," என்றார். புது வீடுகள் எழும்பினால் மறைக்கும்தான். மாலையில் அவருடைய கத்தரிக்கன்றுகளில் நிழல் விழும். தெருவில் கார் நிறுத்தவும் கரைச்சல்தான். அதைச் சொல்லட்டும், பேசலாம். எங்களை இல்லாமல் ஆக்கிவிட்டுப் பேசக்கூடாது.

அன்று கூட்டத்திலிருந்து வரும் வழியில், அதே தெருவில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டுக்கு முன் காரை நிறுத்திப் பார்த்திருந்தேன். வெள்ளை அடித்து அழகாக வைத்திருக்கிறார்கள். பலகை, யன்னல், கூரை எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒரு தம்பதி மட்டும் இருக்கிறார்களாம். கராஜில் கார் நிற்கிறது. குளியலறைக் கதவைத் தட்ட ஆளில்லை. குசினி யன்னலில் ஆவியில்லை.

மாமா, அடுத்த கூட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். முன்வரிசையில் இருத்துவேன். அதே மண்டபத்தில், கைதட்டிய அதே ஆட்களுக்கு முன்னால், எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். நீங்கள் அந்தக் கராஜில் இருந்தபோது, எங்கள் வீட்டில் எத்தனை குடும்பம்? ஒன்று என்றால், உங்கள் அக்காவுக்குப் பக்கத்து வீட்டில் ஏன் இடமில்லை?