கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும்

அக்காவின் போன் வந்தபோது நான் கடையில் வியாபாரத்தில் இருந்தேன். பட்டாசு சீசன் முடிந்து வீடு கட்டுகிற எம். புதுப்பட்டிக்காரர் ஒருவர் அடுப்படி அலமாரிக்குப் பலகை கேட்டு வந்திருந்தார். "அத்தான் போயிட்டாகடா" என்றார் அக்கா. தூக்கத்திலேயே போய்விட்டாராம். போனை வைத்தேன். எதிரே நின்றவர், "அப்ப இது மரைன்தானே?" என்று விட்ட இடத்தில் தொடர்ந்தார். "கொதிக்கிற தண்ணில போட்டாலும் பிரியாது அண்ணாச்சி" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அத்தான் இறந்த செய்தி கேட்டபின் நான் பேசிய முதல் பேச்சு அது. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அத்தான் தங்கராசு என் அக்காவின் கணவர். விருதுநகரில் நாங்கள் இருவரும் கூட்டாக பிளைவுட் கடை நடத்தினோம். மரைன் என்பது படகு கட்டவென்று வந்த, தண்ணீர் தாங்கும் பிளைவுட்; எங்கள் பக்கம் அது வெறும் அடுப்படிப் பலகை. அதற்கும் கடலுக்கும் சம்பந்தம் உண்டென்ற நினைப்பு வாங்குபவருக்கும் இல்லை, விற்பவருக்கும் இல்லை. ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்கச் சொல்வோம். கனமாக இருந்தால் நல்ல சரக்கு. கூடவே அந்தக் கொதிக்கிற தண்ணீர் வசனம். கம்பெனி ஏஜென்ட் சொல்லித் தந்தது. ஒரு துண்டைக்கூட நாங்கள் வேகவைத்துப் பார்த்ததில்லை.

நல்ல மழை பெய்த ஒரு வருஷம் ஆனைக்குட்டம் அணை நிரம்பியது. பார்க்கப் போன இடத்தில் அக்கா, "ஒருக்க இந்தத் தண்ணிக்குள்ள போய்ட்டு வரணும் போல இருக்கு" என்றார். எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லாதவர் அவர். அத்தான் சின்னப் படகு ஒன்று கட்டுவதென்று கிளம்பிவிட்டார். அவரும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கும்படி இருக்க வேண்டும். கடையிலுள்ள பலகைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, "இம்புட்டு நாளும் கனத்தச் சொல்லி வித்தோம் மாப்ள. லேசா கேக்குற முதல் கிராக்கி நாந்தான்" என்று சிரித்தார். இருப்பதில் மெல்லியதாக ஒரு மரைனை எடுத்தவர், அறுக்கும் முன் நின்றார்.

"உங்க அக்கா ஏறி உக்காரப் போற பலகை. நாம சொல்றத ஒருக்க செஞ்சு பாத்துருவோம்."

கடைக்குப் பின்னால் வெந்நீர்ப் பானையில் ஒரு துண்டைப் போட்டு அடுப்பை மூட்டினார். சாயங்காலம் எடுத்தால், மழையில் நனைந்த காலண்டர் அட்டைபோல அடுக்கடுக்காகக் கழன்று வந்தது. "அம்புட்டு பேரு வீட்லயும் இதத்தானே அடிச்சிருக்கு" என்றார் அத்தான். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்றோடு அந்த வசனத்தை விட்டார். பழைய வாடிக்கைக்காரர் வீடுகளுக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்தார். உப்பியிருந்த இடத்தில், "பாக்காம சொல்லிட்டேன் அண்ணாச்சி, மாத்தித் தாரேன்" என்றார். ஏழாயிரம்பண்ணையில் ஒரு வீட்டில் காபி கொடுத்து அனுப்பினார்கள்; இன்னொரு வீட்டில் வாசலிலேயே நிறுத்தித் திட்டினார்கள். இரண்டையும் கடைக்கு வந்து ஒரே மாதிரி சொன்னார்.

"ஊரே சிரிக்குது அத்தான்" என்றேன்.

"சிரிக்கட்டும்லே. சிரிக்கிற மாதிரித்தானே செஞ்சிருக்கோம்."

படகுக்குப் பலகை அமைய மாதக்கணக்கில் ஆனது. கொச்சியிலிருந்து வரவழைத்த துண்டுகளின் விளிம்பை வெயிலில் பிடித்து, அடுக்குகளுக்கு நடுவே பொந்து இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பானை. கடைசியில் ஒன்று பிரியாமல் வந்தது, லேசாகவும் இருந்தது. மீன் குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு அணையில் படகை இறக்கிய அன்று அக்கா வாய்கொள்ளாமல் சிரித்தார். அத்தான் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. பலகை இணைப்புகளையே பார்த்தபடி துடுப்புப் போட்டார்.

புதுச் சரக்கு வந்தால் முதல் துண்டு பானைக்கு என்பது பிறகு கடை வழக்கமானது. உடம்பு தளர்ந்து அவர் வருவது நின்றபின் பானையும் கவிழ்ந்தே கிடந்தது. வசனம் மட்டும் என் வாய்க்குத் திரும்பியது.

அஸ்தி கரைக்க ஆனைக்குட்டம் போனோம். படகின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "நீ அங்கன பிடிடா" என்றார் அக்கா. இலகுவாக எழும்பியது. தண்ணீரில் விட்டதும் அக்கா பலகையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார். வேகவைத்துப் பாராமலே வசனம் சொன்ன நான்தான் தயங்கி நின்றேன்.

அத்தான், புதுப்பட்டிக்காரருக்கு லோடு இன்னும் அனுப்பவில்லை. அதில் ஒரு துண்டை வெட்டிப் பானையில் போட்டிருக்கிறேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிட்டது. பிரிந்தால் நானே போய் அவர் முன்னால் நிற்பேன். நீங்கள் போய் வாருங்கள்.