மாத்திரைக் காவல்

எங்கள் அம்மாவின் ரத்தத்தில் கால்சியம் நிற்காது. தாத்தாவிடமிருந்து அவளுக்கு வந்த நோய். வேளைக்கு மாத்திரை போடாவிட்டால் விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும். தம்பி வயிற்றில் இருந்தபோது ஒருமுறை மாத்திரை தீர்ந்துவிட்டது. செஞ்சியில் அது கிடைக்காது. நைனா விழுப்புரம் போய் வாங்கி வருவதற்குள் வலிப்பே வந்துவிட்டது. மறுநாள், ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டாள். "யாரு இன்னா சொன்னாலும் ஒரு வேளகூட வுட்ராத. நீதான் எடுத்துக் குடுக்கணும்" என்றாள்.

தம்பி பிறந்ததும் பத்தியம் பார்க்க நைனாவின் அக்கா வந்தார். "பச்ச ஒடம்பு, இங்கிலீஷ் மாத்திர பாலுல எறங்கும்" என்று டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார். தண்ணீரும் வேளைக்கு அரை டம்ளர்தான். அதற்கு மேல் குடித்தால் தாய்க்கு வயிறு பெருக்குமாம், பிள்ளைக்குச் சளி பிடிக்குமாம்.

நான் விடுவேனா? பரணில் ஏறி மாத்திரைகளை எடுத்துப் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டேன். அத்தை அந்தண்டை நகரும் நேரம் பார்த்து அம்மா வாயில் போட்டுவிடுவேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

நைனாவுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். பால் கொடுக்கும் நாட்களில் ரத்தத்தில் கால்சியம் தானாகவே ஏறும், பழைய அளவில் மாத்திரை போட்டால் ஆபத்து, பத்தாம் நாள் ரத்தம் பார்த்துக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். "முப்பது கழியாம தீட்டுக்காரி வாசப்படி தாண்டக் கூடாது" என்று அத்தை சொன்னதும் அடங்கிவிட்டார். மாத்திரையைத்தான் நிறுத்தியாயிற்றே என்று தேற்றிக்கொண்டாராம். பாத்திரக்கடையில் உட்கார்ந்து பஜாரையே அதட்டுகிறவர் அவர்.

இரண்டு வாரத்தில் கால்சியம் ஏறி அம்மாவுக்குத் தீராத தாகம். "ஒரு சொம்பு தண்ணி எடுத்தாடி கண்ணு" என்று என் பாவாடையைப் பிடித்துக் கெஞ்சினாள். தம்பிக்குச் சளி பிடிக்குமே என்று மறுத்துவிட்டேன். மாத்திரையில் அத்தையை மீறினேன், தண்ணீரில் அத்தை சொல்லைக் கேட்டேன். ஏறிய கால்சியத்தைத் தண்ணீர்தான் வெளியேற்றும்; அதைவிடத் தப்பாக எதையும் செய்திருக்க முடியாது.

இருபதாம் நாள் காலையில் வாந்தி எடுத்தாள். ஓடிப்போய் முதுகைத் தடவிய என்னை நிமிர்ந்து பார்த்து, "யாரு ஊட்டுப் பொண்ணு நீ?" என்று கேட்டாள். பயத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. அதற்கப்புறம்தான் கார் வந்தது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். உயிர் பிழைத்தாள், சிறுநீரகம்தான் கடைசிவரை தேறவில்லை. எனக்கும் இப்போது அதே மாத்திரைதான். எனக்குப் பெண் பிறந்த எட்டாம் நாள், தீட்டு என்று வாயெடுத்தவர்களை முறைத்துவிட்டு, ரத்தம் பார்க்க நைனாவே காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதைப் பார்க்க அம்மா இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு தெளிந்த அன்று டாக்டர் கேட்டார். "மாத்திரைய நிறுத்திட்டோம்னு சொல்றீங்க. அப்போ கால்சியம் எப்படி இவ்ளோ ஏறுச்சி? யார் குடுத்தது?"

நைனாவும் அத்தையும் விழித்தார்கள். பாராட்டு கிடைக்கப் போகிறது என்று நான் வகுப்பில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினேன். அம்மா எட்டி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நாந்தான் டாக்டர். ஒளிச்சி வச்சி முழுங்கினேன்."

திரும்பி வரும்போது, திருட்டுத்தனம் பண்ணிப் பிள்ளைக்குப் பாலில்லாமல் ஆக்கினாளே என்று அத்தை செஞ்சிவரை அவளைத் திட்டித் தீர்த்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணும் கருத்துமாகக் கொடுத்தவள் நான், பேரைத் தட்டிக்கொண்டு போனவள் இவள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கையை வெடுக்கென்று உருவிக்கொண்டேன்.