முப்பத்தொரு நாணல் தூறு

எங்கள் குடியிருப்பின் வாசற்படியில் ஓர் அலுமினியக் கூடை இருக்கிறது. அடியில் மூன்று ஓட்டை, விளிம்பில் ஏழு நசுங்கல். அதில் ஒரு நாணல் தூறு நிற்கிறது. அந்தக் கூடையில் நெட்டுக்குப்பத்திலிருந்து திருவொற்றியூருக்குப் பல வருடம் மீன் கொண்டுவந்தவரை எங்கள் தெருவே மீன்கார அம்மா என்றுதான் அழைத்தது.

நான் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதியவன். ஓய்வுக்குப் பிறகு என் கவலையெல்லாம் மதிலோரத்து நாற்பதடி மண்தான். நாங்கள் தரைத்தளம். மழையில் தெருத் தண்ணீரைக் குடித்துக்கொள்வது அந்த மண். அதை மூடிவிட்டால் தண்ணீர் என் கட்டிலுக்கு வரும். குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கோ அது சிமெண்ட் போடவேண்டிய இடம். முன்பு வைத்திருந்த புல்தரை லாரித் தண்ணீரையெல்லாம் குடித்தும் உப்புக்காற்றில் கருகியிருந்தது. வாதாடி ஒரு கோடை அவகாசம் வாங்கினேன். லாரித் தண்ணீர் கேட்காமல் ஏதாவது உயிரோடு நின்றால் மண் தப்பிக்கும்.

என் புலம்பலைக் கேட்ட மீன்கார அம்மா மறுவாரம் கூடை நிறையப் புல்லோடு வந்தார். "எங்க வூட்டாண்ட முகத்துவாரத்துல அனல்மின் நெலையத்து சாம்பல் வுழுந்தாலும் சாவாம கீது சாரே. மழை வுட்டா வெள்ளையா பூக்கும் பாரு, கண்ணாலத்துக்கு ஜோடிச்சாமாரி" என்றார். மூன்று நடையில் நாற்பது தூறு கொண்டுவந்தார். நூல் பிடித்து, வரிசைக்கு இருபதாக நட்டேன். தினமும் எண்ணினேன். "புல்லுக்கு அட்டனென்ஸ் எடுத்துகினு கீறியா?" என்று சிரிப்பார்.

கத்திரி வெயிலின் எட்டாம் நாள் பச்சை ஒன்பது, பழுப்பு முப்பத்தொன்று. கிழிந்த மூட்டையைக் கிழிந்தது என்று எழுதியே பழகிய கை. 'செத்தவை 31' என்று அறிவிப்புப் பலகையில் நானே எழுதினேன். மறுநாள் காலை பன்னிரண்டு சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கின.

அன்று மீனோடு வந்தவர் மூட்டைகளைப் பார்த்து நின்றார். "செத்துச்சுன்னு எவன் சொன்னான்?"

"நான்தான்."

"இழுத்துப் பாத்தியா?"

"எண்ணிப் பார்த்தேன்."

"நீ எண்ணுனா செத்துடுமா?" கூடையைச் சிமெண்ட் மூட்டைமேல் வைத்துவிட்டுச் செயலாளரைக் கூப்பிட்டார். "நைனா, இங்க வா. செத்தது கையோட வந்துடும். இழு."

செயலாளர் இழுத்தார். இலையின் விளிம்பு விரலை அறுத்தது, தூறு அசையவில்லை. "இன்னா நைனா, புல்லாண்ட தோத்துட்டியே!" ரோஷத்தில் அவர் அடுத்ததைப் பிடித்தார். பிறகு அதற்கடுத்ததை. முப்பத்தொன்றையும் இழுத்துப் பார்த்தபோது நான்கு மட்டுமே கையோடு வந்தன. மீன்கார அம்மா மீன் கத்தியால் மீதியை ஒரு சாண் உயரத்துக்கு அறுத்துவிட்டு, "தூங்கினு கீது. மழைக்கு எழுந்துக்கும்" என்றார். விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்ட செயலாளர், "சரி, மழை வரைக்கும் பார்க்கலாம்" என்றார்.

மழை வந்தது. இருபத்தேழும் துளிர்த்தன. தெருத் தண்ணீர் இரண்டாம் படியைத் தொட்டது, மூன்றாம் படிக்கு ஏறவில்லை. நனைந்து கல்லாகிப்போன சிமெண்ட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, வெள்ளைக் கதிர்கள் காற்றில் சாய்வதை மீன்கார அம்மா பார்த்தார். அந்த ஒருநாள் நான் எதையும் எண்ணவில்லை.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. கூடையை அவர் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் மண் போட்டு, மதிலோரத்துத் தூறு ஒன்றைப் பெயர்த்து வைத்தேன்.

நேற்று புதிய செயலாளர் அளவு நாடாவோடு வந்தார். மறுபடியும் கத்திரி வெயில், மறுபடியும் பழுப்பு. "எல்லாம் காஞ்சு போச்சே சார். எத்தனை செத்துச்சு?" சட்டைப்பையில் நோட்டு இருந்தது. எடுக்கவில்லை. "முதலில் இதை இழுங்கள்" என்று வாசற்படியைக் காட்டினேன்.

அவர் குனிந்து பிடித்து இழுத்தார். புல் வரவில்லை. ஓட்டைகளில் இறங்கி இறுகிய வேரோடு கூடையே மேலே வந்தது.

"மதிலோரத்தில் இன்னும் முப்பத்தைந்து இருக்கிறது. ஒவ்வொன்றாக இழுங்கள்" என்றேன். "நான் எண்ணிக்கொள்கிறேன்."