சாத்திய கதவுக்குள் கும்மாளம்

எங்கள் வீட்டில் கும்மாளம் என்ற சொல் திட்டுவதற்கு மட்டும்தான் பயன்பட்டது. நானும் தம்பியும் சோபாவில் குதித்தால், "என்ன கும்மாளம் அங்க?" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும். தொடக்கநிலை நான்காம் வகுப்பில் தமிழாசிரியை ஆளுக்கொரு சொல் கொடுத்தார். அதன் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது என்று தீபாவளி விடுமுறை முடிந்ததும் வகுப்பில் சொல்ல வேண்டும். எனக்குக் கும்மாளம். நல்ல மகிழ்ச்சியான சொல் என்று ஆசிரியை வேறு சொன்னார். ஒரு குற்றத்தின் பெயரில் என்ன மகிழ்ச்சி என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அப்பா கைப்பேசியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கும்மி கொட்டுறதுலேர்ந்து வந்திருக்கும்லா. எதுக்கும் அம்மாவைக் கேளு," என்றார். அம்மாவோ, "இந்த வருஷம் அந்தப் பேச்சே வேணாம்," என்று முடித்துவிட்டார்.

அந்த ஆண்டுதான் சித்தப்பா இறந்திருந்தார். சித்தி எங்கள் செம்பவாங் வீட்டுக்கே வந்துவிட்டார். துக்க வீட்டில் தீபாவளி கிடையாது. தேக்காக் கடைத்தெருவுக்குப் போய் விளக்கு அலங்காரம் பார்க்கவில்லை, புதுத்துணி இல்லை, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. ஆனால் பலகாரம் சுடாத வீட்டுக்குத்தான் ஊரே பலகாரம் கொண்டுவரும் என்பது எனக்குத் தெரியாது. காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாரும் முறுக்கு டின்னையே நீட்டினார்கள். எந்தத் தீபாவளிக்கும் எங்கள் வீட்டில் அவ்வளவு முறுக்கு இருந்ததில்லை. எனக்குச் சந்தோஷம்தான்; சந்தோஷப்படலாமா என்றுதான் தெரியவில்லை.

மத்தியானம் அடுப்படியில் டின்களை அடுக்கிக்கொண்டிருந்த சித்தி சட்டென்று, "அக்கா, இந்த மனுஷன் முறுக்கைத் திருடித் திருடித் தின்னாருல்ல. இப்ப இருந்திருந்தா திருடவே வேண்டியதில்ல," என்றார். அம்மாவுக்கு உதடு துடித்தது. பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அடக்க அடக்கப் பொங்கியது. சித்தி தரையில் உட்கார்ந்து டின் மூடியைத் தட்டினார்.

"போதும்டி, என்ன கும்மாளம் இது. பெரிய மாமா வர்ற நேரம்," என்றார் அம்மா, தானும் நிறுத்தாமல். அம்மாவுக்குப் பெரிய மாமா என்றால் எனக்குப் பெரியப்பா, அப்பாவின் அண்ணன்; முறை தவறாதவர். புருஷன் இறந்த வருஷத்திலேயே சிரிக்கிறாள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சித்தி உறவில் யார் முகத்திலும் விழிக்க முடியாது. அம்மா என்னை வெளியே தள்ளி, "யாராச்சும் வந்தா சொல்லு," என்று அடுப்படிக் கதவைச் சாத்தினார்.

சொல்வதற்குள் பெரியப்பா கூடத்துக்கே வந்துவிட்டார். "உள்ள என்ன சத்தம்?" என்று கேட்டார். நானும் காதுகொடுத்துக் கேட்டேன். யாரோ மூச்சுக்குத் திணறினார்கள், விசும்பினார்கள், தரையில் எதுவோ தட்டியது.

"சித்தி அழுவுறாங்க பெரியப்பா," என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. கடையில் வாங்கிவந்த முறுக்கு டின்னை என் கையில் கொடுத்து, "அழட்டும். நான் அப்புறம் வரேன்," என்று போய்விட்டார்.

விஷயம் தெரிந்ததும் அம்மா, "எங்கேர்ந்து வந்துச்சு உனக்கு இவ்ளோ சாமர்த்தியம்?" என்று கட்டிக்கொண்டார். சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் குழப்பமாக இருந்தது. நான் சாமர்த்தியம் எதுவும் காட்டவில்லை. காதில் விழுந்ததைச் சொன்னேன்.

பள்ளி திறந்ததும் வகுப்பில் எழுந்து நின்றேன். கும்மாளம் என்றால் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழுவது, அது அடுப்படியிலிருந்து வந்தது என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியை மட்டும் உட்காரச் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் தவறு என்றுதான் அன்று நினைத்தேன்.